சுவிட்சைப் போட்டது யார்? வன்முறைக்கான பொறுப்பை ஆடுபவரே உணரும்படி கேம் செய்வது எப்படி

ஒரு கேமில் அரை மணி நேரத்தில் நூறு பேரைச் சுட்டுத் தள்ளியவர் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து போய்ச் சாப்பிடுகிறார். அதே ஆள் இன்னொரு கேமில் ஒரே ஒரு உயிரை எடுத்துவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். திரையில் எவ்வளவு ரத்தம் தெறித்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான்கு விஷயங்கள் கூடி வரும்போதுதான் பொறுப்பு பிறக்கிறது. என்ன ஆகும் என்று ஆடுபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வேறு வழி ஒன்று உண்மையிலேயே இருந்திருக்க வேண்டும். செயல் அவர் விரலால் நடந்திருக்க வேண்டும். நடந்தது அழியாமல் நிற்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் "கேம் அப்படித்தான் வச்சிருக்கு" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்.

சேலத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஃபோனில் ஓடும் 25 நிமிடக் கேம் ஒன்றைச் செய்ய முடியும் என்ற அளவில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டுக்குச் சேர்வராயன் மலையில் ஒரு கற்பனை காபி எஸ்டேட். ஆடுபவர் அங்கே இரவுக் காவலாளி. காலம், பழம் பறிக்கும் டிசம்பர். காட்டெருமைகள் (இனி மாடு என்றே சொல்வோம்) எஸ்டேட்டுக்குள் இறங்குகின்றன. ஏற்காட்டுக்காரர்களுக்கு இது கதையல்ல, அன்றாடம். காவலாளியிடம் ஒரு டார்ச், ஒரு பழைய எண்ணெய் டின், அடிக்க ஒரு குச்சி. மூன்றாம் இரவிலிருந்து ஒரு சுவிட்சும் உண்டு. வேலிக் கம்பியில் நேரடியாகக் கரன்ட் விடும் சுவிட்ச்.

துப்பாக்கிக்குப் பதில் சுவிட்ச் ஏன்? துப்பாக்கியை எப்படிக் கையாள்வது என்று ஃப்ரீ ஃபயர் ஆடிய விரல்களுக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது. குறி பார், சுடு, அடுத்தது. அந்தப் பழக்கத்தை உடைப்பதிலேயே பாதி கேம் போய்விடும். சுவிட்சுக்கு அப்படி எதுவும் இல்லை. அதோடு, திருட்டு மின்வேலி நம் பக்கத்து நிஜம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் மிஞ்சின. காட்டெருமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. சட்டம் தெரிந்தே செய்யப்படும் கொலை இது. செய்தவர் கையில் ரத்தம் படுவதில்லை, சத்தம்கூடக் கேட்பதில்லை. பொறுப்பைப் பற்றிக் கேம் செய்ய இதைவிடப் பொருத்தமான பொருள் அரிது.

செயலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கதை எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். "சம்பளம் பிடிபடாமல் இருக்க, காவலாளி இரவு 10 மணிக்கு வேலியில் கரன்ட்டைப் போட்டுவிட்டுத் தூங்குகிறார்." இந்த வாக்கியத்தில் வரும் வினை ஒவ்வொன்றும் ஆடுபவர் தன் விரலால் செய்யக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். போடுவது அவர் வேலை, படுப்பதும் அவர் வேலை. "மாடு சாகிறது" என்பது இந்த வாக்கியத்தில் இல்லை. சாவு விளைவு. செயலும் விளைவும் தனித்தனியாக இருக்கட்டும், நடுவில் இடைவெளி இருக்கட்டும். இதை நன்றாகப் புரியவைத்தது 2003-இல் கொன்சாலோ ஃப்ராஸ்கா செய்த 'செப்டம்பர் 12' என்ற சின்னக் கேம். அதில் ஏவுகணை உடனே போய் விழாது, கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் குறி வைத்த ஆள் நகர்ந்துவிடுவார், பக்கத்தில் இருந்தவர் சாவார், அழ வந்தவர்கள் ஆயுதம் எடுப்பார்கள். அந்தத் தாமதம்தான் முழுக் கேமும்.

தெரிவிப்பது: மூன்று முறை, மூன்று விதமாக

ஆடுபவருக்குத் தெரியாமல் நடந்தது அவருக்கு அதிர்ச்சி தரும், பொறுப்பு தராது. 2012-இல் வந்த 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' இந்த இடத்தில்தான் விவாதத்துக்கு உள்ளானது. வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை ஒரு கணினித் திரை வழியாகப் பார்த்துப் போடுகிறோம். அந்தத் திரையில் நம் ஆளின் முகம் மங்கலாகத் தெரிவது அருமையான வேலைப்பாடு. கீழே வெள்ளைப் புள்ளிகள். பிறகு இறங்கி நடந்தால் செத்தவர்களில் பொதுமக்கள். காட்சியின் வலு குறையவில்லை. ஆனால் குண்டு போடாமல் அந்த இடத்தைத் தாண்ட வழியே இல்லை, எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள். அதன் பிறகு கேம் நம்மைக் குற்றம் சாட்டும்போது பலருக்குக் கோபம்தான் வந்தது. அதே கேமில் கூட்டம் சூழ்ந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கே வானத்தைப் பார்த்துச் சுட்டாலே கூட்டம் கலைந்துவிடும், அப்படிச் செய்யலாம் என்று கேம் சொல்வதில்லை. கூட்டத்தை நோக்கிச் சுட்டவர்களுக்கு அந்த இடம்தான் மனசில் நிற்கும்.

நம் கேமில் தகவல் மூன்று வழியாக வரட்டும்.

முதலாவது, பேச்சு. இரண்டாம் நாள் காலையில் பழம் பறிக்கும் ராசாத்தி களத்துப் பக்கம் வருகிறாள். "ஏண்ணா, ராத்திரி மாடு எறங்குச்சா? பையன் விடிகாலைல இந்தக் குறுக்கு வழியாத்தான் பஸ்ஸுக்குப் போறான், பாத்துக்கங்கண்ணா." இதில் கம்பி பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாதை இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. அது போதும்.

இரண்டாவது, இடம். அந்த ஒத்தையடிப் பாதை தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் இறங்கி வேலியைக் கடப்பதை ஆடுபவர் தன் காலால் நடந்து பார்த்திருக்க வேண்டும். முதல் இரவில் டின்னை எடுத்துவரப் போகும் வழியாக அதையே வையுங்கள்.

மூன்றாவது, பொருள். சுவிட்சைப் போட்ட முதல் இரவுக்கு மறுநாள் காலை, வேலியோரம் ஒரு பெருச்சாளி செத்துக் கிடக்கட்டும். ஓரமாக, வசனம் எதுவும் இல்லாமல். நடந்து போகிறவர் பார்ப்பார், வேகமாக ஓடுகிறவர் பார்க்க மாட்டார். பார்க்காததும் அவர் கணக்கில்தான் சேரும்.

மூன்றுக்கு மேல் போனால் "இது பொறி" என்று ஆடுபவர் மோப்பம் பிடித்துவிடுவார். ஒன்றே ஒன்று வைத்தால் பாதிப் பேர் தவறவிடுவார்கள்.

வேறு வழிக்கு விலை வையுங்கள், ஆனால் கட்டக்கூடிய விலை

பெரும்பாலான கேம்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் எண்களோடு பார்ப்போம். 2007-இல் வந்த 'பயோஷாக்' கேமில் ஒரு சிறுமியைக் கொன்று சக்தியை எடுத்தால் 160 ஆடம் (அந்தக் கேமில் புதுச் சக்திகள் வாங்க உதவும் பொருள்) கிடைக்கும், காப்பாற்றினால் 80. கேட்டால் பெரிய தியாகம் போலத் தெரிகிறது. ஆனால் மூன்று பேரைக் காப்பாற்றினால் 200 ஆடத்தோடு ஒரு பரிசு வரும். மூன்று பேருக்குக் கணக்குப் போட்டால் கொன்றவருக்கு 480, காப்பாற்றியவருக்கு 440. பரிசில் மற்ற பொருள்களும் உண்டு. நல்லவராக இருப்பதற்கு விலையே இல்லை என்று ஆகிவிட்டது. விலை இல்லாத இடத்தில் தேர்வும் இல்லை.

எதிர்ப்பக்கம் 2013-இல் லூகாஸ் போப் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. எல்லைச் சாவடியில் ஆவணம் சரிபார்க்கும் வேலை. ஒரு ஆளுக்கு 5 கிரெடிட் கூலி. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து பிடித்தம். ராத்திரி வீட்டு வாடகை, சாப்பாடு, கணப்பு என்று செலவு. அந்த இரண்டு எச்சரிக்கைகளில்தான் கேமின் உயிர் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டே பேரிடம் இரக்கம் காட்ட உங்களுக்கு வசதி உண்டு. மூன்றாவது ஆளைத் திருப்பி அனுப்பும்போது யார் மேலும் பழி போட முடியாது.

நம் காவலாளிக்கு இப்படி வைத்துப் பாருங்கள். ஆறு இரவு, இரவுக்கு 450 ரூபாய், மொத்தம் 2,700. ஒவ்வொரு இரவும் மாடுகள் இரண்டு முறை இறங்கும். டின் அடித்து விரட்டத் தவறினால் ஒவ்வொரு தடவைக்கும் 150 ரூபாய் பிடித்தம். சுமாராக ஆடுகிறவர் பன்னிரண்டில் ஆறைத் தவறவிடுவார், கையில் 1,800 நிற்கும். முதல் இரண்டு இரவில் இரண்டைத் தவறவிட்டு, மூன்றாம் இரவிலிருந்து சுவிட்சைப் போட்டவருக்கு 2,400. வீட்டுக்குத் தேவையான தொகையை 2,000 என்று வையுங்கள். சுவிட்ச் போடாதவருக்கு 200 குறைகிறது. இந்த 200 ரூபாய்தான் கேமின் அச்சாணி. அதை ஈடுகட்ட ஒரு சங்கடமான வழி கொடுங்கள், எஸ்டேட் கணக்கு பார்க்கும் ரைட்டரிடம் அட்வான்ஸ் கேட்டு நிற்பது, அல்லது ராசாத்தியிடம் கைமாற்று. பற்றாக்குறை 800 என்று வைத்தால் ஆடுபவர் "வேற வழியே இல்ல" என்று சொல்லிவிடுவார், அது உண்மையாகவும் இருக்கும். 50 என்று வைத்தால் யாரும் சுவிட்சைத் தொடவே மாட்டார்கள்.

உடம்புக்கும் ஒரு விலை உண்டு. ஒரு இரவு நான்கு நிமிடம், இரவு 8 முதல் காலை 5 வரை, கேமின் ஒரு மணி நேரம் சுமார் 27 நொடி. காவலாளியின் தெம்பு 100-இல் தொடங்கட்டும். ஒருமுறை டின் அடித்து விரட்டினால் 12 போகும், மேட்டில் ஏறி நடந்தால் மெதுவாகக் குறையும். 30-க்குக் கீழே போனதும் நடை தளரும், டார்ச் வெளிச்சம் ஆடும். ஐந்தாம் இரவில் விரல் தானாகச் சுவிட்சைத் தேடும் நிலை வர வேண்டும்.

முதல் தடவை எதுவும் நடக்கக் கூடாது

சுவிட்சைப் போட்ட முதல் இரவு நிம்மதியாகக் கழியட்டும். மாடு வரவில்லை, சம்பளம் முழுசு, காலையில் ரைட்டர் டீ வாங்கித் தருகிறார். உடனே தண்டித்தால் ஆடுபவர் ஒரு விதியைக் கற்றுக்கொள்வார்: சுவிட்ச் போட்டால் தோல்வி. விதி தெரிந்தபின் நடப்பது வெறும் கணக்கு. பழக்கம் ஆன பின்னால் வரும் விளைவுதான் உறுத்தும், ஏனென்றால் இரண்டாம் தடவை அவர் யோசிக்கவே இல்லை என்பது அவருக்கே தெரியும்.

சாகப்போகும் விலங்கை முதல் இரவிலிருந்தே அறிமுகம் செய்யுங்கள். ஐந்து மாடுகள் உள்ள கூட்டம் போதும். இடது காது கிழிந்த ஒரு பசு, அதன் கூடவே ஒரு கன்று. டார்ச் அடித்தால் முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளை மட்டும் முதலில் தெரியும், பிறகு கண். டின் சத்தத்துக்கு மற்றவை ஓடும்போது இந்தப் பசு மட்டும் கன்று எழும்வரை நின்று திரும்பிப் பார்க்கட்டும். இதை இரண்டு இரவு காட்டினால் போதும். பெயர் வைக்க வேண்டாம், ஆடுபவர்களே வைத்துக்கொள்வார்கள். 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில், செத்த எதிரியின் பெயரைச் சொல்லி அவன் கூட்டாளிகள் கத்துவார்கள். முதலில் திடுக்கிட வைக்கும். நாற்பதாவது பெயருக்கு யாரும் திரும்ப மாட்டார்கள். ஒன்றைப் பலமுறை காட்டுவது, பலவற்றுக்குப் பெயர் கொடுப்பதைவிட வேலை செய்யும்.

சுவிட்சை எப்படி வரைவது, எப்படி அழுத்த வைப்பது

மரப்பலகையில் திருகிய கருப்பு பேக்லைட் சுவிட்ச். ஒரு மூலை உடைந்தது, வயர் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது, டேப்பின் நுனி பிரிந்து தூசி ஒட்டியிருக்கிறது. இந்தப் படத்தைத் திரையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பெரிதாக வையுங்கள், ஃபோனில் கட்டைவிரல் நேராக அதன் மேல் விழும்படி. "ஆம் / இல்லை" பெட்டி வைக்காதீர்கள். பெட்டி வந்தால் ஆடுபவர் கேள்விக்குப் பதில் சொல்கிறார், வேலையைச் செய்யவில்லை. 1.5 நொடி அழுத்திப் பிடித்தால்தான் சுவிட்ச் விழ வேண்டும். முதல் ஒரு நொடி எதுவும் அசையாது, பிறகு மெதுவாகச் சாயும், விரலை எடுத்தால் பழையபடி திரும்பும். விழும்போது ஃபோன் 40 மில்லிநொடி அதிரட்டும். 1.5 நொடி என்பது மனம் மாறுவதற்குப் போதுமான நேரம், எரிச்சல் வருவதற்குப் போதாத நேரம். மூன்று நொடி ஆக்கினால் கேம் மாட்டிக்கொண்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

நேரக் கெடு வைக்க வேண்டாம். பத்து நொடிக்குள் முடிவெடு என்று விரட்டினால் கை பதறியதைத்தான் பதிவு செய்கிறீர்கள். கெடு வைக்காமல் விடுவதை 2004-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 3' கடைசிக் கட்டத்தில் சரியாகச் செய்தது. தன்னை வளர்த்த குருவை நோக்கித் துப்பாக்கி நீட்டியபடி காட்சி நிற்கிறது. வீடியோவாகவே காட்டி முடித்திருக்கலாம். காட்டாமல், சுடும் பட்டனை ஆடுபவரிடமே விட்டுவிட்டு நின்றுவிட்டார்கள்.

சுவிட்சை அணைப்பதும் ஆடுபவர் வேலையாகவே இருக்கட்டும். பையன் பஸ்ஸுக்குப் போவதற்குள், 4:30-க்கு எழுந்து மேட்டிலிருந்து இறங்கி வந்து அணைக்க வேண்டும். அலாரம் அடிக்காது, கோழி கூவும், அவ்வளவுதான். மறந்தவர்களுக்கு ஐந்தாம் இரவின் விடியலில் ராசாத்தி மகனுக்கு முன்னால் ஓடும் நாய் வேலியில் விழட்டும், பையன் நாலடி தள்ளி நிற்கட்டும். பையனைக் கொல்லாதீர்கள். குழந்தை செத்தால் ஆடுபவர் கதாசிரியர் மேல் கோபப்படுவார். நாலடி தள்ளி நிற்கும் பையனைப் பார்த்தால் மீதியைத் தானே கணக்குப் போடுவார்.

சாக்குகளை நீங்களே கொடுங்கள்

மனிதர் தீங்கு செய்யும்போது மனசாட்சியை எப்படி ஓரம் கட்டுகிறார் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா விரிவாக வகைப்படுத்தியிருக்கிறார். மேலே உள்ளவர் சொன்னார், எல்லோரும்தான் செய்கிறார்கள், மெல்லிய சொல்லால் பூசுவது, பலியானதைக் கீழாகப் பார்ப்பது, விளைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று. டிலோ ஹார்ட்மனும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் இதைக் கேம்களில் சோதித்தார்கள். நியாயமற்ற தரப்பில் நின்று சுடும்போது குற்ற உணர்வு கூடியது, பிறர் வலியை எளிதில் உணர்கிறவர்களுக்கு இன்னும் கூடியது. வழக்கமான சண்டைக் கேம் இந்தச் சாக்குகளை எல்லாம் முதல் நிமிடத்திலேயே ஆடுபவர் பையில் போட்டு அனுப்புகிறது: அவர்கள் தீவிரவாதிகள், உத்தரவு மேலிடத்து உத்தரவு, கிளம்பு.

நீங்கள் அதே சாக்குகளை வெளிப்படையாக மேசை மேல் வையுங்கள். ரைட்டர் வாயில் இப்படி: "எல்லா எஸ்டேட்லயும் லைன் போட்டுத்தாம்ப்பா இருக்காங்க. மாடு தொட்டா ஒரு ஷாக் அடிக்கும், ஓடிரும். தொரையும் கேக்கறாரு." கொல்வது என்ற சொல் எங்கும் வராது. பிறகு பசு செத்த காலையில் ராசாத்தி கேட்கிறாள்: "என்னண்ணா ஆச்சு?" ஆடுபவருக்கு நான்கு பதில்கள் கொடுங்கள்.

"ரைட்டர்தான் போடச் சொன்னாரு."
"எல்லாரும்தான் போடறாங்க."
"மாடுதானே, விடும்மா."
"நாந்தான் போட்டேன்."

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த நேரத்தில் எந்த விளைவும் இல்லை. ஆனால் தேர்ந்தெடுத்த வாக்கியத்தைச் சேமித்து வையுங்கள். கடைசி இரவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் கேட்பான்: "மாமா, இத போடலாங்களா? தப்பில்லீங்களே?" அப்போது ஆடுபவருக்குக் கிடைக்கும் ஒரே பதில், அன்று ராசாத்தியிடம் அவர் சொன்ன அதே வாக்கியம். சாக்குச் சொன்னவர் அதை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கிறார். எழுதுவதற்கு அரை மணி நேரம் பிடிக்கும் இந்தக் காட்சி, கேமில் மிக வலுவான இடமாக அமையும்.

மார்க் போடாதீர்கள், உடனே தண்டிக்காதீர்கள், திட்டாதீர்கள்

புண்ணியம் 70, பாவம் 30 என்று திரையில் மீட்டர் வைத்தால் ஆடுபவர் மீட்டரைத்தான் ஆடுவார். 1985-இல் ரிச்சர்ட் கேரியட் 'அல்டிமா' நான்காம் பாகத்தில் கண்பார்வையற்ற வியாபாரிக்குக் குறைவாகக் காசு கொடுத்தால் நேர்மை குறையும்படி வைத்தார். கேம் அந்த நிமிடத்தில் எதுவும் சொல்லாது. ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரியும். இன்றைக்கும் அதைவிட நல்ல முறை கிடையாது. உங்கள் கேமில் மறைவாக வைக்க வேண்டிய கணக்குகள் ஐந்துதான்: சுவிட்ச் எத்தனை இரவு போடப்பட்டது, எத்தனை காலைகளில் சரியான நேரத்துக்கு அணைக்கப்பட்டது, பெருச்சாளி பக்கம் நடந்தாரா, பசு இருக்கிறதா, எந்தப் பதிலைச் சொன்னார்.

தண்டனை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வனத்துறை வந்து கைது செய்வது போல முடித்தால் ஆடுபவர் மனசில் கணக்கு தீர்ந்துவிடும். செய்தேன், அனுபவித்தேன், முடிந்தது. வனக்காப்பாளர் வரட்டும், விசாரிக்கட்டும், ரைட்டர் ஏதோ சொல்லி அனுப்பட்டும். தீராத கணக்கைத்தான் ஆடுபவர் கூடவே கொண்டுபோவார்.

விளைவை உலகத்தில் காட்டுங்கள். பசு போன பிறகு கன்று தினமும் அதே இடத்துக்கு வந்து நிற்கும், டின் அடித்தாலும் நகராது. அதை விரட்டும் வேலையும் ஆடுபவருக்கே. பசு விழும்போது சோக இசை போட வேண்டாம். இசை வந்தால் எப்போது வருத்தப்பட வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கிறீர்கள். சில்வண்டுச் சத்தத்தை மட்டும் நான்கு நொடி நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். சத்தங்களைப் பதிவு செய்ய ஏற்காட்டில் தங்கும் அறையின் வராண்டாவே போதும். இருட்டில் எஸ்டேட்டுக்குள் இறங்காதீர்கள், மாடு நிஜமாகவே நிற்கும். டின் சத்தத்துக்கு 15 கிலோ எண்ணெய் டின்னைப் பகலில் அடித்துப் பதியுங்கள். காலி டின்னும் கால்வாசி தண்ணீர் உள்ள டின்னும் வேறு வேறு குரல் தரும், தெம்பு குறையும்போது இரண்டாவதுக்கு மாற்றலாம்.

சேவ் ஃபைல்

முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பி, அதாவது ரீலோட் செய்து, தப்பிப்பதுதான் பொறுப்பின் பெரிய ஓட்டை. 2015-இல் டோபி ஃபாக்ஸ் செய்த 'அண்டர்டேல்' இதை அடைத்த விதம் புகழ் பெற்றது. ஆரம்பத்தில் நம்மைத் தாயாகப் பார்த்துக்கொள்ளும் டோரியலைக் கொன்றுவிட்டு, வருத்தப்பட்டு ரீலோட் செய்து காப்பாற்றினால், அதற்கப்புறம் வரும் ஃப்ளோவி என்ற பேசும் பூ நடந்ததைச் சொல்லிக்காட்டும். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரே சேவ் இடம், சுவிட்ச் விழுந்த நொடியிலேயே தானாகச் சேவ், இரவின் தொடக்கத்துக்குத் திரும்பும் வசதி கிடையாது. ஆப்பை மூடித் திறந்தாலும் சுவிட்ச் போட்ட நிலையிலேயே இருக்கட்டும். சேவ் எழுதும்போது நேரடியாகப் பழைய ஃபைல் மேல் எழுதாமல் தற்காலிக ஃபைலில் எழுதிப் பெயர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் சார்ஜ் தீர்ந்து ஃபோன் அணையும்போது சேவ் கெட்டுப்போகும், கெட்ட சேவ் எல்லாப் பொறுப்பையும் அழித்துவிடும்.

கேம் செய்யும் மென்பொருளில் கோடோ 4 எடுத்துக்கொள்ளுங்கள், 3 வேண்டாம். மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுத்துக்கோவை சரியாக வராது. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நான்கில் அந்தச் சிக்கல் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் இலவசம். யூனிட்டி என்ற இன்னொரு மென்பொருளில் செய்கிறீர்கள் என்றால், அதில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவிலும் இதே கோளாறு வரும் என்பதை முதல் நாளே சோதித்துக்கொள்ளுங்கள். வசனம் முழுக்க எழுதிய பிறகு கண்டுபிடித்தால் வலிக்கும்.

கேம் தொடங்கும்முன் ஒரு வரி போடுங்கள்: மின்வேலியில் விலங்கு இறக்கும் காட்சி உண்டு. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேலியில் ஆளையே பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. எச்சரிக்கை வைத்தால் அதிர்ச்சி குறையுமே என்று யோசிக்க வேண்டாம். இந்தக் கேமுக்கு அதிர்ச்சி தேவையில்லை.

ஆட வைத்துப் பார்ப்பது

எட்டு முதல் பத்துப் பேர் போதும். பாதிப் பேர் மலையில் வளர்ந்தவர்கள், பாதிப் பேர் டவுன்காரர்கள். மலைக்காரர்களுக்கு வேலி என்றதுமே என்ன ஆகும் என்று தெரியும், உங்கள் முன்தகவல் அவர்களுக்குத் தேவையில்லை. டவுன்காரர்களுக்குப் போதுகிறதா என்பதுதான் சோதனை. பக்கத்தில் உட்கார்ந்து விளக்காதீர்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். யாராவது பார்க்கிறார்கள் என்றால் எல்லோருமே நல்லவர்களாக ஆடுவார்கள். திரையைப் பதிவு செய்துவிட்டு வெளியே போய்விடுங்கள்.

முடிந்ததும் ஒரே கேள்வி: "என்ன நடந்துச்சு, சொல்லுங்க." குற்ற உணர்வு வந்ததா என்று கேட்டால் வந்தது என்றுதான் சொல்வார்கள். கதை சொல்லும்போது வாக்கியத்தில் யாரை வைக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "மாடு செத்துப்போச்சு" என்பவர்கள் பாதிக்கு மேல் இருந்தால், செயலுக்கும் விளைவுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகிவிட்டது. பசு சாகும் இரவை ஒன்று முன்னால் இழுங்கள். "கேம் கொல்ல வெச்சிருச்சு" என்றால் பணக் கணக்கு இறுக்கமாக இருக்கிறது. 2,000-ஐ 1,900 ஆக்குங்கள், அல்லது பிடித்தத்தை 150-லிருந்து 130-க்குக் கொண்டுவாருங்கள். "தெரியாம போட்டுட்டேன்" என்பது வந்தால் தகவல் போய்ச் சேரவில்லை. ராசாத்தியின் பேச்சைச் சுவிட்ச் வருகிற காலைக்கே நகர்த்துங்கள், பெருச்சாளியை நடைபாதைக்கு ஒரு அடி நெருக்கமாக வையுங்கள். யாருமே சுவிட்சைப் போடவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். டின் அடிப்பது ரொம்பச் சுலபமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை டின் அடித்தால் போகும் தெம்பை 12-இலிருந்து 15 ஆக்குங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது ஆட்களைக் கூப்பிடுங்கள். பழைய ஆட்களுக்குச் சுவிட்ச் என்ன செய்யும் என்று ஏற்கெனவே தெரியும், அவர்களிடமிருந்து இனி பணக் கணக்கைப் பற்றி மட்டும்தான் ஏதாவது கிடைக்கும்.